வகுப்பிற்கு வாயிற்காவல்

பைதான் என்பது கைடோ வான் ரொசம் என்னும் டச்சு அறிஞர் 1991 ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட கணினி மொழியாகும். அம்மொழியில் நாம் அமைக்கும் வகுப்பின் பண்பினை, நிரலின் எவ்விடத்திருந்தும் மாற்றிவிடலாம். அம்மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் நெறியை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மாணாக்கர் என்றொரு வகுப்பை அமைத்து, தேர்ச்சி எண் 35 என்னும் பண்பினை அதற்கு அளித்தோமெனக் கொள்க. அவ்வகுப்பினின்று பிறக்கும் உருப்படிகள் நூறாயினும் அவ்வெண் ஒன்றேயாம். நிரலின் ஏதோவொரு மூலையில் அதனை 0 என மாற்றிய ஒரு வரி புகுந்துவிடின், தமக்கென வேறெண் கொள்ளாத உருப்படிகள் அனைத்திற்கும் தேர்ச்சி எண் 0 ஆகிவிடும். பிழையென்று பைதான் ஒன்றும் உரையாது. ஆகவே காவல் இன்றியமையாதது.

பண்பிற்கு மதிப்பு இடுங்கால் பைதான் அழைக்கும் செயலுக்குச் செட்ஆட்டர் என்று பெயர். அதன் பெயர் இருபுறமும் இரட்டை அடிக்கோடு பெற்று வரும். அதனை மாணாக்கர் வகுப்பினுள் எழுதினால் அமையுமோ எனின், அமையாது. என்னை? இத்தகைய சிறப்புச் செயல்களைப் பைதான் பொருளினிடத்துத் தேடாது. அப்பொருள் எவ்வகுப்பின் உருப்படியோ அவ்வகுப்பினிடத்தே தேடும். ஆதலின் அங்கு எழுதிய காவல் உருப்படிகளுக்கே உரித்தாம், வகுப்பிற்கு ஆகாது.

அற்றேல், வகுப்பிற்கு வகுப்பு யாது? பைதானில் வகுப்பும் ஒரு பொருளே. எதன் உருப்படியாக வகுப்பு விளங்குகின்றதோ அதனை மெட்டாகிளாஸ் என்பர். வேறு குறிப்பிடாவிடத்து டைப் என்பதே அப்பணியைப் புரியும். இதனைத் தாய் வகுப்பென மயங்கற்க. தாய் வகுப்பு தன் பண்புகளைச் சேய் வகுப்பிற்கு வழங்குவதாம்.

எனவே, டைப்பினின்று கிளைத்த மெட்டாகிளாஸ் ஒன்றை இயற்றி, அதனுள் செட்ஆட்டரை எழுதி, மாணாக்கர் வகுப்பை அதன்கீழ் அமைத்தல் வேண்டும். வந்த பெயர் தேர்ச்சி எண்ணாயின் அது பிழை எழுப்புக. பிறவாயின் டைப்பின் செட்ஆட்டரிடம் ஒப்படைக்க. ஒப்படையாது அவ்வகுப்பின் பண்பிற்குத் தானே மீண்டும் மதிப்பிட முயலின், தன்னையே ஓயாது அழைத்து நிரல் பிழையுற்று நிற்கும்.

2014 இல் வந்த பைதான் 3.4 இல் சேர்ந்த எனம் என்னும் தொகுதி இந்நெறியையே கையாள்கின்றது. கிழமைகளை எனமாக அமைத்தபின், திங்களுக்கு வேறு மதிப்பு இடப் புகின் அது மறுக்கும்.

இருபொருள் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கன. வகுப்பை முதலில் வரையுங்கால் அதன் உடலுள் இடும் மதிப்புகள் இவ்வாயிலைக் கடப்பதில்லை. டைப்பின் செட்ஆட்டரை நேரே அழைப்போன் காவலைத் தாண்டவும் கூடும். ஆகவே இது கள்வனைத் தடுக்கும் பூட்டன்று. அயர்ந்தோனைத் தடுத்து நிறுத்தும் வாயிற்காவலாம். நிரல்களிற் கேடு பெரும்பாலும் அயர்வினால் விளைதலின், அதுவே பெரும்பயன் என்க.