வெள்ளெலி தண்ணீருக்கு எங்கே போகும்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் முயலின் பல் அமைப்பைக் கற்பிக்கிறோம். வெட்டும் பற்கள், பல் இடைவெளி, பல் சூத்திரம் என்று தேர்வுக்கு வேண்டியவை வந்துவிடும். அந்தப் பற்களால் விலங்கு எதைத் தின்கிறது, தின்றது உடலுக்குள் என்ன ஆகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அதனால் நாரணாபுரத்தில் நான் முயலோடு நிறுத்துவதில்லை. எங்கள் பிள்ளைகள் அறிந்த அணிலுக்கும் வெள்ளெலிக்கும் பாடத்தைக் கொண்டுபோகிறேன்.

முயல் கொறிவிலங்கு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதன் மேல்தாடையில் பெரிய வெட்டும் பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறிய இணை உண்டு. எலிக்கு அது கிடையாது. முயலுக்கு 28 பற்கள், எலிக்கு 16. எலியின் வெட்டும் பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. வரை, ஆயுள் முழுவதும் வளரும். முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல். பின்பக்கம் மென்மையான டென்டைன். கொறிக்கும்போது பின்பக்கம் விரைவாகத் தேய்வதால் முனை உளிபோலக் கூர்மையாகவே இருக்கும். ஆசாரியின் உளியைப் பார்த்த பிள்ளைக்குப் படமே தேவையில்லை.

மரத்தடியில் கிடக்கும் வாதாங்கொட்டைகளைப் பொறுக்கி வரச் செய்தேன். அணில் கொறித்த ஓட்டில் இரண்டிரண்டாகக் கோடுகள் தெரியும். விலங்கைப் பார்க்காமலே அதன் உணவைச் சொல்ல இதுவே எளிய வழி. நமக்கு மேற்கே திருவில்லிபுத்தூர்க் காட்டில் (1988இல் சரணாலயம், 2021 முதல் புலிகள் காப்பகத்தின் பகுதி) வாழும் நரை அணில், பழம், விதை, இளந்தளிர், மரப்பட்டை என்று மாற்றி மாற்றித் தின்னும். கொறிவிலங்கு என்றாலே தானியம்தான் என்று எழுதும் விடை முழுமையானதல்ல.

வெள்ளெலியைப் பற்றிப் பேசும்போது ஒரு மாணவன் தன் தாத்தா வளை வெட்டிப் பிடிப்பார் என்றான். சிலர் சிரித்தார்கள். அவனைக் கரும்பலகைக்கு அழைத்து, வளையில் பார்த்ததை எழுதச் சொன்னேன். புல் விதை, கிழங்குத் துண்டு, வெட்டுக்கிளி இறக்கை என்று எழுதினான். விதை, வேர், இலை, பூச்சி எல்லாம் வெள்ளெலியின் உணவு. பூச்சியில் புரதம் கிடைக்கிறது. சிரிப்பு நின்றுவிட்டது. அவனே கேட்டான்: “சார், அந்தக் காட்டுல சித்திரையில சொட்டுத் தண்ணி இருக்காது. அது எங்க போய்க் குடிக்கும்?”

என் வகுப்புகளில் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் இதுவும் ஒன்று. விடை வேதியியல் பாடத்தில் இருக்கிறது. ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம். சுவாசத்தில் அது ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் 6 மோல் நீர், அதாவது 108 கிராம் உண்டாகும். 100 கிராமுக்கு 60 கிராம். விதையில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து என்பதால் இது சுமார் 56 கிராமாகக் குறையும், அதுவும் வியப்புதான். காய்ந்த விதையைத் தின்று உடலுக்குள்ளேயே நீரை உண்டாக்கிக்கொள்கிறது வெள்ளெலி. பச்சை இலை, பூச்சி, வேர் ஆகியவற்றின் ஈரமும் சேரும். பகலில் குளிர்ந்த வளைக்குள் இருந்துவிட்டு இரவில் மேய வரும்; சிறுநீரையும் செறிவாக்கி நீரை மிச்சப்படுத்தும். நம் உடலிலும் இதே வினையால் நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவுக்கு நீர் உண்டாகிறது. ஆனால் நம் செலவு அதைவிடப் பல மடங்கு, குடிக்காமல் முடியாது.

மோல் கணக்கு என்றால் தலைகுனியும் பிள்ளைகளும் அன்று கணக்குப் போட்டார்கள். நிலக்கடலையின் கொழுப்புக்கு இதே கணக்கை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். கொழுப்பு தன் எடையைவிடச் சற்று அதிகமாகவே நீர் தரும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இதை நடத்த விரும்பும் ஆசிரியர்கள் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: வளைக்குள் கைவிடக் கூடாது, பாம்பு இருக்கலாம். இறந்த எலியைத் தொடக் கூடாது. எலியின் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் பரவும். பொறுக்கிய கொட்டைகளைத் தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும்.