அறைக்குள் அடைபட்ட காற்று

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில், பாகாலாவுக்கு அருகே உள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருப்பதை அன்பர்கள் பலர் அறிந்திருப்பீர்கள். 1992-இல் ராடார் நிலையமாகத் தொடங்கி, 2005 முதல் இப்பெயரில் இயங்கி வருகிறது. வானத்துக் காற்றை அங்கே அளக்கிறார்கள். படுக்கையறைக் காற்றை நாமேதான் அளந்துகொள்ள வேண்டும்.

திருப்பதியில் இருக்கும் என் தங்கையின் பேரனுக்கு இளைப்பு உண்டு. புகையும் தூசியும் ஆகாதென்று ஜன்னல்களை அடைத்து ஏ.சி. போட்டார்கள். ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டு வருகிறது என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள். நம் வீடுகளில் சுவரில் மாட்டும் ஏ.சி. அப்படிச் செய்வதில்லை; உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். கொள்ளளவு 36,000 லிட்டர். தூங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயு வெளிவிடுகிறார். இருவருக்கு 24 லிட்டர். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு இருக்கும் அவ்வாயு, ஒரே மணியில் 1,080 பங்கைத் தொடும். மூன்று மணியில் 2,400. இடுக்குகளில் கசிவதால் உண்மையில் சற்றுக் குறையலாம். 1,000 பங்கு என்ற வரம்பை 1858-இலேயே மியூனிக் நகரத்து பெட்டன்கோஃபர் சொன்னார். அந்த அளவில் அது விஷமல்ல. பிறர் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இதை அளக்கும் சென்சாரில் அகச்சிவப்பு ஒளி இருக்கும். கரியமில வாயு அவ்வொளியின் ஒரு பகுதியை விழுங்கும். குறைந்த ஒளியைக் கொண்டு அளவு தெரியும். 1,000 வந்தால் எக்ஸாஸ்ட் விசிறி ஓடவும், 800-க்கு இறங்கினால் நிற்கவும் ரிலே ஒன்றை இணைக்கலாம். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் விசிறி நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நிற்கும். கதவடியில் காற்று வர வழி விடாமல் விசிறி மட்டும் மாட்டுவது வீண். விலை மலிவான சில கருவிகள் வேறு வாயுக்களை அளந்து, கரியமில வாயுவை ஊகித்துக் காட்டுகின்றன. அவற்றை நம்பி விசிறியை ஓட்ட வேண்டாம்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. போகிப் பண்டிகை விடியலில் தெருவெல்லாம் புகை. உள்ளே கரியமில வாயு "திற" என்கிறது. வெளியே நுண்தூசி "மூடு" என்கிறது. ஆகவே வெளியே இன்னொரு சென்சார் வேண்டும். 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை நம் நாட்டு வரம்பு அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. இளைப்புள்ள குழந்தை இருக்கும் வீட்டில் நான் தாழ்ந்த எண்ணின் பக்கமே நிற்பேன். பனிமூட்டத்தில் நீர்த்துளியையும் இக்கருவி தூசியென்று கூட்டிச் சொல்லும் என்பதை நினைவில் வைக்கவும்.

குளிர்கால இரவில் தரை குளிர்வதால் புகை மேலெழாமல் தாழ்ந்தே கிடக்கும். வெயில் ஏறியபின் காற்று கலந்து கலையும். எனவே மார்கழி, தை மாதங்களில் ஜன்னலைத் திறக்க விடியற்காலையைவிட நண்பகலே உத்தமம். சித்திரை வெயிலில் இது செல்லாது. அப்போது இரவில்தான் திறக்க முடியும்.

இன்னொன்று. குளியலறை கேஸ் கீசரிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வேறு வாயு. மணமில்லாதது, உயிரைக் குடிப்பது. மேலே சொன்ன எந்தச் சென்சாரும் அதைக் காட்டாது. கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டச் சொல்லுங்கள்.