தட்டம்மை ஊசியும் வாட்ஸ்அப் பயமும்

கேள்வி: என் பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம். எம்.ஆர். (தட்டம்மை–ருபெல்லா) ஊசி போட்டால் பின்னாளில் பிள்ளைப் பாக்கியம் இருக்காது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் நான் ஷூ கம்பெனி வேலைக்கு லீவு போட வேண்டும், கூலியும் போகும்.
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: உண்மை இல்லை, சகோதரி. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் இந்த ஊசி முகாம் தொடங்கியபோதும் இப்படித்தான் வதந்தி பரவியது. பெற்றோர் பலர் தயங்கியதால் முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது. இந்த ஊசி தடுக்கும் ருபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால், வயிற்றுப் பிள்ளைக்குக் காது, கண், இதயம் எல்லாம் பாதிக்கலாம். நாளை உங்கள் மகள் சுமக்கப்போகும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இந்தக் காப்பு.

தட்டம்மை சாதாரண அம்மை அல்ல. நோய்த்தடுப்பு இல்லாத ஊரில் ஒரு குழந்தையிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரவும். நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஊசி போட்டுக்கொண்டால்தான் தட்டம்மை அடங்கும். தடுப்பூசி தவறிய இடங்களில் பழைய நோய் திரும்பும்: 2016இல் கேரளத்தின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் பிள்ளைகளின் உயிரைக் குடித்தது.

உங்கள் கூலிக் கவலை நியாயமானது; அதை அறியாமை என்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. இந்த ஊசிக்குக் காய்ச்சல் வந்தாலும், பெரும்பாலும் ஒரு வாரம் கழித்து, லேசாகத்தான் வரும். புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். இரண்டாம் தவணை பதினாறு மாதத்துக்கு மேல்.