பகலுக்கு வயல், இரவுக்குப் பன்புல்

எங்கள் வயல் படுவான்கரையில் இருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் காத்தான்குடியிலிருந்து அங்கு போவது இலகுவாகிவிட்டது. மார்கழி விடுமுறையில் வாப்பாவுடன் போயிருந்தேன். முழங்கால் உயரப் பயிருக்கு மேலே, தொட்டுவிடும் தாழ்வில், சிறகுகளைச் சற்று உயர்த்தியபடி ஒரு பருந்து மிதந்து வந்தது.

"கோழிக்குஞ்சு தூக்குறதுதானே?" என்றார் வாப்பா.

அது செம்பருந்து அல்ல. செம்பருந்தும் கடற்கழுகும் இங்கேயே கூடு கட்டி, ஆண்டு முழுவதும் வாழ்பவை. இது சேற்றுப் பூனைப்பருந்து. ஐரோப்பா முதல் மத்திய ஆசியா வரையுள்ள சதுப்புகளில் குஞ்சு பொரித்துவிட்டு, பெரும்போக விதைப்பை ஒட்டி இலங்கைக்கு வரும்; அறுவடை முடிய வடக்கே திரும்பும். ஆந்தைக்கு இருப்பதைப் போன்ற வட்டமான முக அமைப்பு இதற்கும் உண்டு. அதனால் பயிருக்குள் அசையும் எலி, தவளையின் சத்தத்தைக்கூடக் கேட்டுப் பிடிக்கும். தாழப் பறப்பது அதற்காகத்தான்.

எலி என்றதும் வாப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப எலிக்கு நஞ்சு வைக்கத் தேவையில்லையா மகள்?"

ஒரு பருந்தால் வயலின் எலியெல்லாம் தீராது என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் நஞ்சு தின்ற எலியைத் தின்றால் பருந்தும் சாகலாம்.

வாவியில் வேறொரு விருந்தாளி உண்டு: விராலடிப்பான். மீனைத் தவிர வேறெதையும் அது பெரும்பாலும் தின்பதில்லை. வலை கட்டும் கம்பில் காத்திருந்து, கால்களை முன்னே நீட்டியபடி தண்ணீரில் பாயும். ஆண்டுதோறும் பழைய இடத்துக்கே திரும்பி வரும் பழக்கம் அதற்கு உண்டு. இளம் பறவைகள் முதல் கோடையில் ஊருக்குத் திரும்பாமல் வந்த இடத்திலேயே தங்கிவிடும். ஆனி மாதத்தில் ஒன்றைக் கண்டால் வழி தவறியது என்று எண்ண வேண்டாம்.

மீண்டும் வயலுக்கு வருகிறேன். அஸர் தொழுத பிறகும் நாங்கள் வரம்பில் நின்றோம். வெயில் தாழ, பூனைப்பருந்துகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வயல் மூலையில் பாய் இழைக்கும் பன்புல் வளர்ந்த பள்ளத்துக்குள் இறங்கின. மற்றப் பருந்துகளைப் போல மரத்தில் அல்ல, உயர்ந்த புல்லுக்குள், தரையை ஒட்டிக் கூட்டமாகத்தான் இவை உறங்கும். பகலில் இரை தேட எத்தனை ஏக்கர் வயல் இருந்தாலும், இரவுக்கு அப்படியொரு மறைவு வேண்டும்.

வாப்பா பேசாமல் நின்றார். அறுவடை முடிந்ததும் அந்தப் பள்ளத்தை எரித்து, மண் போட்டு நிரப்பி, இன்னும் கொஞ்சம் நெல் விதைப்பது அவருடைய திட்டம்.

"எரித்தால் வேரிலிருந்து திரும்ப முளைக்கும் வாப்பா. மண் போட்டால் முளைக்காது."

"பங்குனிக்குள்ள இதுகள் போயிடுமா?"

"பெரும்பாலும் போயிடும். ஐப்பசியில திரும்ப வரும்."

திரும்பும் வழியில் பாலத்தருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு லோட் மண் என்ன விலை என்று ஒருவரிடம் விசாரித்தார். விலையைக் கேட்டுக்கொண்டார், மண் சொல்லவில்லை.