சேர்வோரும் விலகுவோரும்: ஊர்த் தொண்டுச் சங்கங்களின் உறுப்பினர் கணக்கு

ஓர் ஊரில் இயங்கும் தொண்டுச் சங்கத்தைப் பற்றி விசாரிக்கும்போது, "உறுப்பினர் எத்தனை பேர்?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். எண்ணிக்கை கூடியிருந்தால் மகிழ்கிறோம். குறைந்திருந்தால் கவலை கொள்கிறோம். ஆனால் அந்த ஓர் எண் மட்டும் சங்கத்தின் உண்மை நிலையை உணர்த்துவதில்லை. ஓராண்டில் புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை பேர், விலகியவர் எத்தனை பேர், விலகியவர் எக்காரணத்தால் விலகினர் என்னும் மூன்றையும் அறிந்தால்தான் சங்கம் வளர்கிறதா, தேய்கிறதா என்று சொல்ல இயலும். மீனவரும் உப்பளத் தொழிலாளரும் உழவரும் அடுத்தடுத்து வாழும் தூத்துக்குடி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வெள்ளம் கற்பித்த பாடம்

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் அம்மாவட்டத்தில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் பெய்யக்கூடிய மழையைவிட அது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது. ஏரல், திருவைகுண்டம் பகுதிகளில் பல ஊர்கள் வெளித்தொடர்பு அற்றுப்போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் திருவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் தவித்தனர். அருகில் இருந்த ஊரார் தாமே சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து, வீடுகளில் சிக்கியவர்களை மீட்டனர்.

இத்தகைய வேளையில் ஊருக்குத் தேவைப்படுவோர் யாவர்? படகு வைத்திருப்பவர், நீச்சல் அறிந்தவர், இருநூறு பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர், முதலுதவி பயின்றவர், எந்தத் தெருவில் நடக்கமாட்டாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார் என்று அறிந்தவர். ஒரு சங்கத்தின் ஏட்டில் அறுபது பெயர்கள் இருக்கலாம். அவர்களில் பதினைந்து பேர் வளைகுடா நாடுகளிலும், பத்துப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும், ஐந்து பேர் சரக்குக் கப்பல்களிலும் இருந்தால், வெள்ளத்தன்று அந்த அறுபது என்ன பயன் தரும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உறுப்பினர் பட்டியலுக்கும் பொருந்தும். ஆதலின் உறுப்பினர் கணக்கைச் செம்மையாக வைத்திருப்பது வெறும் எழுத்து வேலையன்று. அது உயிர் காக்கும் வேலையாகும்.

ஓர் எண் மறைக்கும் உண்மை

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இரண்டு சங்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொன்றிலும் 40 பேர். ஆண்டு முடிவிலும் 40 பேர். முதல் சங்கத்தில் மூவர் விலகினர், மூவர் சேர்ந்தனர். இரண்டாம் சங்கத்தில் 15 பேர் விலகினர், 15 பேர் சேர்ந்தனர். ஆண்டறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இரண்டாவது சங்கம் ஓட்டைக் குடத்தில் நீர் இறைக்கும் சங்கம்.

மேலும் ஒரு படி செல்வோம். விலகிய அந்த 15 பேரில் 11 பேர் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர்களாயின், குறை வரவேற்பில் உள்ளது. புதியவர் வந்தார், அவருக்கு ஒரு வேலையும் தரப்படவில்லை, கூட்டத்தில் அவரை யாரும் பேசச் சொல்லவில்லை, சில மாதங்களில் அவர் வருவதை நிறுத்திவிட்டார். மாறாக, விலகிய 11 பேரும் பத்தாண்டு உழைத்தவர்களாயின், குறை நிருவாகத்தில் உள்ளது. பொறுப்புகள் சிலரிடமே தேங்கியிருக்கலாம். கணக்கு காட்டப்படாமல் இருக்கலாம். உழைப்பவர் மீதே மேலும் மேலும் சுமை ஏற்றப்பட்டிருக்கலாம். நோய் இரண்டும் வேறு; மருந்தும் வேறு. யார், எப்போது சேர்ந்து, எப்போது விலகினார் என்று எழுதி வைக்காத சங்கம் தன் நோயை அறியாது.

இக்குறை நம் சிற்றூர்களுக்கு மட்டும் உரியதன்று. 1905-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் தோன்றிய ரோட்டரி சங்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது; தூத்துக்குடியிலும் அதன் கிளைகள் உண்டு. போலியோ ஒழிப்பில் அதன் தொண்டு பெரிது. 1985-இல் அது உலகளாவிய திட்டமாக அப்பணியை மேற்கொண்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. அத்தகைய பேரமைப்பின் உறுப்பினர் தொகைகூட இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ 12 இலட்சம் என்ற அளவிலேயே நிற்கிறது. ஆண்டுதோறும் பெருந்தொகையினர் சேர்கின்றனர். ஏறக்குறைய அதே தொகையினர் விலகுகின்றனர். புதியவரைச் சேர்ப்பதைவிடச் சேர்ந்தவரை இருத்திக்கொள்வதே அரிது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

நம் நாட்டு அனுபவமும் இதையே கூறுகிறது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கியபின், மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் பல ஊர்களில் அமைக்கப்பட்டன. திட்டத்தை ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு, மக்களின் முன்முயற்சியைத் தூண்டுவதில் அது வெற்றி பெறவில்லை என்று 1957-இல் எடுத்துரைத்தது. அதிகாரி வந்தபோது கூடி, அவர் சென்றபின் கலையும் சங்கம் நிலைப்பதில்லை.

முத்துப் பார் கூறும் உவமை

இதனை விளக்க மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களைவிடப் பொருத்தமான உவமை வேறில்லை. கடலடியில் சிப்பிகள் படியும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு அருகில் உள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. ஓராண்டில் ஒரு பாரில் இளஞ்சிப்பிகள் செறிந்து காணப்படும். அவற்றைக் கண்டவுடன் முத்துச் சலாபத்துக்கு நாள் குறித்துவிடுவதில்லை. சிப்பிகள் முதிரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் மீன்கள் தின்றுவிடலாம், மணல் மூடிவிடலாம், நீரோட்டம் அடித்துச் சென்றுவிடலாம். ஆதலின் பார்களை மீண்டும் மீண்டும் ஆய்ந்து, முதிர்ந்தவை எவ்வளவு என்று கணக்கிட்ட பின்னரே சலாபம் நடத்தினர். 1955-க்கும் 1961-க்கும் இடையே நடந்த சலாப வரிசையே அக்கடலில் இறுதியானது.

ஒரே வாரத்தில் நூறு பேரைச் சேர்த்துவிட்டதாகப் பெருமை கொள்ளும் சங்கம், இளஞ்சிப்பியைக் கண்டு முத்தை எண்ணியவர்போல் ஆகும். சேர்ந்தவர் மூன்றாம் ஆண்டிலும் இருக்கிறாரா என்பதே கணக்கு.

முத்துக் குளித்தலிலேயே மற்றொரு பாடமும் உண்டு. ஒரு கல்லுக்கு இருவர் என அமைந்து, ஒருவர் கடலடிக்குச் சென்று வந்து இளைப்பாறும்போது மற்றவர் இறங்கும் முறை சலாபங்களில் இருந்தது. படகில் நின்று கயிறு பிடிப்பவரை நம்பியே இருவரும் இறங்கினர். ஒருவரே நாள் முழுவதும் மூழ்கினால் அவர் உயிர் என்னாவது? சங்கப் பொறுப்புகளும் அவ்வாறே. ஒருவரே இருபது ஆண்டுகள் செயலாளராக இருப்பின், அவர் ஓய்ந்த நாளில் சங்கமும் ஓய்ந்துவிடும்.

தொழிலும் பருவமும்

விலகுவோர் எல்லாரும் ஆர்வம் குன்றி விலகுவதில்லை. பலர் விலகுவதற்குக் காரணம், சங்கத்தின் நாளும் நேரமும் அவர்தம் தொழிலோடு ஒவ்வாமையே. தூத்துக்குடி மாவட்டத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

கடற்கரையின் மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்வதில்லை. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். உப்பளங்களில் கோடையே வேலைக்காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் பாத்திகளில் வேலை இல்லை. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் நிலத்தில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் உழவர்க்கு விதைப்பு வேலை மிகுதி. தாமிரபரணிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் பயிரிடுவோர்க்கு வேறு கணக்கு.

இந்நிலையில், புரட்டாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கூட்டம் கூட்டி, "யாரும் வரவில்லை, மக்களுக்கு அக்கறை இல்லை" என்று கூறுவது நியாயமாகாது. மீனவ ஊரில் ஞாயிறன்றும், உப்பளத் தொழிலாளர் வாழும் ஊரில் மழைமாதங்களிலும், கரிசல் ஊரில் அறுவடை முடிந்த பின்னரும் கூட்டங்களை மிகுதியாக வைத்தல் வேண்டும். வெள்ள மீட்பு, முதலுதவி ஆகிய பயிற்சிகளை மீன்பிடித் தடைக்காலத்தில் நடத்தினால் படகுத் தொழிலாளர் கரையில் இருப்பர். மழைக்காலம் வருமுன் பயிற்சியும் முடிந்திருக்கும்.

சந்தாவும் இவ்வாறே. மாத வருவாய் இல்லாதவரிடம் மாதச் சந்தா கேட்டு, மூன்று மாதம் நிலுவை என்று பெயரை நீக்குவது முறையன்று. பாடு கிடைக்கும் காலத்திலோ அறுவடைக்குப் பின்னரோ ஆண்டுச் சந்தாவாகப் பெற்றுக்கொள்ளலாம்.

மூடிய கதவுகள்

உறுப்பினர் குறைவதாக வருந்தும் சங்கம், தன் வாயிலில் யாரை நிறுத்தி வைத்திருக்கிறது என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகப் புகழ் பெற்ற தொண்டுச் சங்கங்களும் நெடுங்காலம் பெண்களைச் சேர்க்காமல் இருந்தன. அரிமா சங்கம் 1987-லும் ரோட்டரி சங்கம் 1989-லும் விதிகளைத் திருத்திப் பெண்களுக்கு இடமளித்தன. அதே 1989-ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. பின்னர் மகளிர் திட்டத்தின் வழியே அவை தமிழ்நாடு முழுவதும் பரவின. 12 முதல் 20 பேர் கொண்ட சிறு குழு, குறித்த நாளில் கூட்டம், எல்லார் முன்னிலையிலும் கணக்கு என்னும் எளிய விதிகளே அவற்றின் வலிமை.

இன்றும் பல ஊர்களில் தொண்டுச் சங்கம் ஒரு தெருவோடு, ஒரு சமூகத்தோடு நின்றுவிடுகிறது. வெள்ளம் தெரு பார்த்து வருவதில்லை. கடற்கரைக்காரரின் படகு உள்நாட்டு உழவரின் வீட்டுக்கு வந்த அந்த டிசம்பர் மாதத்தை நினைவில் கொண்டால், சங்கத்தின் கதவை எவ்வளவு அகலத் திறக்க வேண்டும் என்பது விளங்கும்.

செய்யத் தக்கவை

ஊராட்சி உறுப்பினர்களும் சங்கப் பொறுப்பாளர்களும் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. உறுப்பினர் பதிவேட்டில் பெயரோடு சேர்ந்த நாள், தொழில், அவரிடம் உள்ள திறன் அல்லது கருவி, விலகிய நாள், விலகிய காரணம் ஆகியவற்றுக்கும் இடம் விடுக. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சங்கம் உறுப்பினர் பதிவேடு வைத்திருப்பது கடமை. பதிவு பெறாத சிறு மன்றமும் அவ்வாறு வைத்திருப்பது நன்று.

2. ஆண்டுக்கு இருமுறை, தடைக்காலத்தில் ஒன்றும் பருவமழைக்கு முன் ஒன்றுமாக, பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்க. தொலைபேசி எண் மாறியிருந்தால் அன்றே திருத்துக.

3. வெளியூர், வெளிநாடு சென்றவரை நீக்கிவிட வேண்டா. 'வெளியூர் உறுப்பினர்' என்று தனித்தாளில் எழுதுக. அவர் பொருளுதவியும் நல்லுரையும் தரலாம். ஆனால் மீட்புப் பட்டியலில் அவர் பெயர் இருத்தல் கூடாது.

4. மணமாகிச் செல்லும் பெண்ணுக்கு, அவர் ஆற்றிய பணியைக் குறித்து ஓர் அறிமுகக் கடிதம் தருக. புகுந்த ஊரின் சங்கம் அவரை வரவேற்கட்டும். ஓர் ஊரின் இழப்பு மற்றோர் ஊரின் வரவாகட்டும்.

5. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதத்திலேயே சிறு பொறுப்பு ஒன்று அளித்து, அனுபவம் மிக்க ஒருவரைத் துணையாக்குக.

6. விலகியவரின் இல்லத்துக்கு இருவர் சென்று காரணம் கேட்டு வருக. வாதிட வேண்டா; கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

7. தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்புகளை இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுக. விலகும் பொறுப்பாளர் ஓராண்டு புதியவருக்குத் துணை நிற்பாராக.

8. சேர்ந்தோர், விலகியோர், எஞ்சியோர் என்ற மூன்று எண்களையும் ஆண்டுக்கு ஒருமுறை கிராம சபையில் படித்துக் காட்டுக.

நிறைவாக ஒன்று. சங்கத்தில் மாறுதல் நேர்வது குற்றமன்று. மக்கள் பிழைப்புக்காக வெளியூர் செல்வர், மணம் புரிந்து செல்வர், முதுமையடைவர். கடலை நம்பி வாழும் ஊரில் இது இன்னும் மிகுதி. சென்றவர் யார் என்று அறியாமலும், வந்தவரை வரவேற்காமலும் இருப்பதே குற்றம். இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் ஊர்ச் சங்கத்தின் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்து, ஒவ்வொரு பெயரையும் வாசித்து, "இவர் இன்று ஊரில் இருக்கிறாரா? அழைத்தால் வருவாரா?" என்று கேளுங்கள். 'ஆம்' என்ற விடை எத்தனை பெயர்களுக்குக் கிடைக்கிறதோ, அத்தனை பேரே உங்கள் சங்கத்தின் உறுப்பினர். அந்த எண் சிறிதாக இருப்பினும் வருந்த வேண்டா. அடுத்த மழைக்கு முன் அதனைப் பெருக்கும் வேலையை அங்கிருந்தே தொடங்குவோம்.