வனம் கற்பிக்கும் பாடம்

பதினைந்து, பதினாறு பிராயத்தில் சில பிள்ளைகள் சொற்கேளாதவராகி, பள்ளியை வெறுத்துத் தீய நட்பில் விழுகின்றனர். இத்தகையோரை வனத்திற்கு அனுப்பித் திருத்தும் முறையொன்று அமெரிக்காவில் உண்டு. அதன் நன்மை தீமைகளை வணிக அன்பர்கள் அறிவது நலம்.

தோற்றம்

பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கேற்றி வந்த புளூ ஃபன்னல் கப்பல்களை முதிய வியாபாரிகள் அறிவர். இரண்டாம் உலகப் போரில் கப்பல் மூழ்கியபோது, வயதானோரைவிட இளம் மாலுமிகளே மனந்தளர்ந்து மடிகின்றனர் என்று அக்கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட் கவலை கொண்டார். அவர் துணையுடன் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் 1941இல் வேல்ஸ் நாட்டில் அவுட்வர்டு பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார். 1950களில் லூமுட்டிலும், 1967இல் புலாவ் உபினிலும் அத்தகைய பள்ளிகள் அமைந்தன. இவை உறுதியை வளர்க்கும் பயிற்சியே, சிகிச்சை அல்ல. அமெரிக்காவிலோ இவ்வழியுடன் மனநல ஆலோசனையும் சேர்ந்தது.

முறை

பிள்ளை பல வாரங்கள் சிறு குழுவுடன் காட்டில் தங்குகிறான். கித்தானைச் சரியாகக் கட்டாவிட்டால் நனைவான். கட்டையைக் கடைந்து தீ மூட்டாவிட்டால் ஆறிய உணவுதான். மழையோடு வழக்காட முடியுமா? பல நாள் முயன்று முதற்பொறி எழும்போது, 'என்னாலும் ஆகும்' என்ற எண்ணமும் எழுகிறது. ஆலோசகர் வந்து பேசுவார். பெற்றோரும் பிள்ளையும் கடிதம் எழுதிக்கொள்வர். நேரில் சொல்ல நா எழாதவை அதில் வெளிவரும்.

ஆபத்து

2007இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், இத்தகைய நிலையங்களில் நேர்ந்த 10 மரணங்களை ஆராய்ந்து, பயிற்சியற்ற ஊழியர், போதாத உணவு முதலிய குறைகளை வெளியிட்டது. 2024இல் வட கரோலினாவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இறக்க, அந்நிலையம் அனுமதியை இழந்தது. நள்ளிரவில் கூலியாட்களை வைத்துப் பிள்ளையைக் கொண்டுபோகச் செய்த பெற்றோரும் உண்டு. அப்படிப் போன பிள்ளை தகப்பனாரை மீண்டும் நம்புவது எளிதா?

நமக்குரிய பாடம்

1. பொறுப்புக் கொடுங்கள். கடையில் ஒரு சிறு சரக்கை மகனிடம் ஒப்படையுங்கள். இலாபமும் நட்டமும் அவனே காணட்டும், ஏச்சு வேண்டாம்.

2. செவி கொடுங்கள். இரவு பத்து மணிக்குக் கடையடைத்து வரும் அத்தாவின் முகத்தைப் பிள்ளை எப்போது காண்பான்? வாரத்தில் ஒரு மாலை அவனுக்கென்று ஒதுக்குங்கள்.

3. போதைப் பழக்கமோ, உயிரை வெறுக்கும் பேச்சோ தென்பட்டால், ஊரார் பேச்சுக்கு அஞ்சாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வனத்திலிருந்து திருந்தி வந்த பிள்ளையும், வீடு பழையபடியே இருந்தால் பழையபடி ஆகக்கூடும். ஆகவே திருத்தம் வீட்டில் தொடங்கட்டும்.