நிறுத்திய இதயம் திரும்பத் துடிக்குமா?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. மதுரை பெரியாஸ்பத்திரியில் பைபாஸ் செய்யச் சொல்கிறார்கள். இதயத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்திவைப்பார்களாம். தசை கெட்டுப்போகாதா? பயத்தில் இன்னும் சம்மதக் கையெழுத்துப் போடவில்லை.
- எஸ்.எம்., திருமங்கலம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நிறுத்திய இதயம் திரும்பத் துடிக்கும். அதன் தசையைக் காப்பாற்றத்தான் நிறுத்துகிறோம்.

ஆபரேஷன் நேரத்தில் உடம்புக்கு ரத்தம் அனுப்பும் வேலையை இதய-நுரையீரல் இயந்திரம் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றிச் செலுத்தும் கருவி) பார்த்துக்கொள்ளும். மகாதமனியில் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) இடுக்கி போட்டதும் இதயத் தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். அப்போதும் அது துடித்துக்கொண்டிருந்தால் கையிருப்புச் சக்தி தீர்ந்து சேதமாகும். அதனால் உடனே கார்டியோப்ளீஜியா (பொட்டாசியம் கலந்து, இதயத்தை ஓய்வில் வைக்கும் கரைசல்) செலுத்துகிறோம். ஈசிஜி திரையில் ஏறி இறங்கிய கோடு சற்று நேரத்தில் நேர்கோடாகிவிடும். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் தையலைத் தொடங்குவோம். ஓய்வில் இருக்கும் இதயத்துக்கு வழக்கமான ஆக்சிஜனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போதும். குளிரவைத்தால் இன்னும் குறையும். கரைசலைப் பெரும்பாலும் நோயாளியின் ரத்தத்தோடு கலந்து, சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி கொடுப்போம். கடைசியில் இடுக்கியை எடுத்ததும் வெதுவெதுப்பான ரத்தம் பாய்ந்து பொட்டாசியத்தை அலசிவிடும். துடிப்பு தானாகவே திரும்பும். சிலருக்குச் சிறு மின்னதிர்ச்சி தேவைப்படும்.

இந்த முறை எளிதில் கைகூடவில்லை. 1955இல் இங்கிலாந்தில் மெல்ரோஸ் என்ற மருத்துவர் இதயத்தை நிறுத்தப் பொட்டாசியத்தைப் பயன்படுத்தினார். அளவு மிகுந்து தசையே புண்பட்டதால் கைவிட்டார்கள். 1970களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அளவைக் குறைத்துச் சரிசெய்தார்கள். 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்தார். இன்று இது அன்றாடச் சிகிச்சை.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே பலவீனமான இதயம் தேறச் சில நாட்கள் மருந்தின் துணை வேண்டியிருக்கும். எனவே எக்கோ பரிசோதனையில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் விகிதம்) எவ்வளவு என்று சர்ஜனிடம் கேளுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். குளோபிடோக்ரெல் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிட்டால், எப்போது நிறுத்துவது என்பதை டாக்டரே சொல்வார். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடைப்போடு நாளைக் கடத்தினால் மாரடைப்பு வந்து தசை நிரந்தரமாகப் போய்விடலாம். இந்த வாரமே கணவரோடு போய்ப் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.